மறக்கும் நினைவும் மறவா நினைவும்

கணிப்பொறி நினைவகங்கள் பற்றிய ஓர் ஒப்பீடு

கணிப்பொறி என்றதும் நம் மனத்தில் முதலில் தோன்றுவது அதன் கணக்கிடும் வேகம். ஒரு வினாடிக்குள் பல கோடிக் கூட்டல்களைச் செய்து முடிக்கும் அதன் ஆற்றலைக் கண்டு வியக்கிறோம். ஆனால், கூட்டுவதற்கு எண்கள் வேண்டும். எண்கள் இருக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடமே நினைவகம். கணக்கிடும் பகுதி எவ்வளவு விரைவுடையதாயினும், எண்கள் நினைவகத்திலிருந்து வந்து சேரும் வரையில் அது கைகட்டிக் காத்திருக்கத்தான் வேண்டும். பந்தியில் அமர்ந்தவனுக்கு எவ்வளவு பசி இருந்தால்தான் என்ன? பரிமாறுபவர் வரும் வேகத்தில்தானே அவன் உண்ண முடியும்!

நம் விடுதிப் பேச்சில் ‘மெமரி’ என்னும் ஒரே சொல் பல பொருள்களில் வழங்குகிறது. “போனில் மெமரி ஃபுல் ஆகிவிட்டது” என்கிறோம். “லேப்டாப்பில் மெமரி போதவில்லை, தொங்குகிறது” என்றும் சொல்கிறோம். முன்னது ஃபிளாஷ் நினைவகம். பின்னது டி-ராம் நினைவகம். இரண்டும் செய்யப்பட்ட விதமும் வேறு, குணமும் வேறு. ஒன்று மின்சாரம் நின்றதும் மறந்துவிடும்; மற்றொன்று மறவாது. இவ்வேறுபாட்டை அறியாமையால் பணத்தை வீணாக்குவோர் உண்டு. பல மாதங்கள் உழைத்து எழுதிய ஆய்வேட்டை ஒரே இரவில் இழப்போரும் உண்டு. ஆகவே, இலக்கியமும் பொருளாதாரமும் பயிலும் நண்பர்களுக்கும் விளங்கும் வகையில் இப்பொருளைப் பற்றி எழுத முற்படுகிறேன்.

நான்கு அளவுகோல்கள்

நினைவகம் வைத்திருப்பதெல்லாம் 0, 1 என்னும் இரண்டே குறிகள். அத்தகைய குறி ஒன்றுக்குப் பிட் என்று பெயர். எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். இரண்டு தெளிவான நிலைகளை உடைய எந்தப் பொருளைக் கொண்டும் ஒரு பிட்டை நினைவில் வைக்கலாம். எந்தப் பொருளைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் நினைவகங்களின் வேறுபாடு தொடங்குகிறது.

அவற்றை நான்கு அளவுகோல்களால் மதிப்பிடலாம். கேட்டதை எவ்வளவு விரைவில் எடுத்துத் தருகிறது என்பது வேகம். எவ்வளவு கொள்ளும் என்பது கொள்ளளவு. ஒரு பிட்டுக்கு எவ்வளவு செலவாகிறது என்பது விலை. மின்சாரம் நின்ற பிறகு எவ்வளவு காலம் மறவாதிருக்கும் என்பது நிலைபேறு. இந்நான்கிலும் முதலிடம் பெறும் நினைவகம் ஒன்று இன்று வரை பரவலான வழக்குக்கு வரவில்லை. ஒன்றைப் பெற வேண்டுமானால் மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரே கணிப்பொறிக்குள் பலவகை நினைவகங்கள் குடியிருப்பதற்குக் காரணம் இதுவே. இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்வரும் செய்திகள் யாவும் எளிதில் விளங்கும்.

முன்னோர் கண்ட நினைவகங்கள்

1948-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள், இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய கணிப்பொறி, தன் நினைவகத்திலேயே வைத்திருந்த செயல்முறை ஒன்றை இயக்கிக் காட்டியது. அதன் நினைவகம் தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாயைப் போன்றதொரு குழாய். குழாயின் முகப்பில் மின்னேற்றப் புள்ளிகளாக 1,024 பிட்டுகள் பதிந்திருந்தன. இப்புள்ளிகள் விரைவில் கசிந்து மறையும் இயல்பின. எனவே அவை மறையுமுன் அவற்றைப் படித்து, மீண்டும் மீண்டும் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

1949-இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணிப்பொறி பாதரசத்தைப் பயன்படுத்தியது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பாதரசக் குழாயின் ஒரு முனையில் ஒலித்துடிப்புகளை எழுப்புவர். அவை மறுமுனையை அடைய ஏறத்தாழ ஒரு மில்லி வினாடி ஆகும். அங்கே அவற்றை மின்துடிப்புகளாக மாற்றி, மறுபடியும் முதல் முனைக்கே அனுப்புவர். ஓயாமல் சுற்றிவரும் எதிரொலியே அந்தப் பொறியின் நினைவு! ஆனால் இதில் ஒரு குறை உண்டு. வேண்டிய எண் குழாயின் நடுவில் இருந்தால், அது வெளியே வரும் வரை காத்திருக்க வேண்டும்.

நம் நாட்டில், 1950-களின் நடுவில் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு வந்த எச்.இ.சி. 2எம் என்ற பொறி, சுழலும் காந்த உருளை ஒன்றை நினைவகமாகக் கொண்டிருந்தது. பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் உருவாகி 1960-இல் முழு அளவில் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணிப்பொறியோ, அக்காலத்தின் புதுமையான காந்த வளைய நினைவகத்தைப் பெற்றிருந்தது. பெர்ரைட் என்னும் காந்தப் பொருளால் ஆன மிகச் சிறு வளையங்களைக் கம்பிகளில் மணி கோப்பதுபோல் கோத்து அமைத்த வலை அது. வளையம் ஒரு திசையில் காந்தமேறினால் 0. எதிர்த் திசையில் ஏறினால் 1. மின்சாரம் நின்றாலும் காந்தம் நீங்காது. ஆகையால் இது மறவா நினைவு. டிஃப்ராக்கில் 40 பிட்டுகள் கொண்ட 2,048 சொற்களுக்கு இடமிருந்தது. அதாவது, மொத்தம் 81,920 பிட்டுகள்; இன்றைய கணக்கில் 10 கிலோபைட். இன்று நம் மேசை மீதிருக்கும் சாதாரண லேப்டாப்பின் ஓர் உட்கருவை ஒட்டியுள்ள மிகச் சிறிய நினைவகத்திலேயே, அந்த நினைவகம் முழுவதையும் மும்முறை வைத்துவிடலாம்.

சந்திரனுக்கு மனிதரை ஏற்றிச் சென்ற அப்போலோ விண்கலத்தின் கணிப்பொறியில், செயல்முறைகளைக் கம்பிகளாகவே பின்னிவைத்தார்கள். கம்பி வளையத்துக்குள் புகுந்து சென்றால் 1. புகாமல் ஒதுங்கிச் சென்றால் 0. அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலையில் பெண்கள் ஊசிகொண்டு இதைப் பின்னினார்கள். நெசவாளி துணியில் இழைத்த கரையை எப்படி அழிக்க முடியாதோ, அப்படியே இந்த நினைவையும் அழிக்க முடியாது. ஆனால், ஓர் எழுத்தை மாற்ற விரும்பினாலும் மீண்டும் பின்னத்தான் வேண்டும். நிலைபேறு மிகுந்தால் மாற்றும் எளிமை குறைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

எஸ்-ராமும் டி-ராமும்

இனி, இன்றைய நினைவகங்களுக்கு வருவோம். கணக்கிடும் பகுதிக்கு மிக நெருக்கமாக இருப்பது எஸ்-ராம். ஒரு பிட்டுக்கு வழக்கமாக ஆறு டிரான்சிஸ்டர்களை இது செலவிடுகிறது. அவற்றுள் நான்கு, இரண்டு இணைகளாக நின்று, ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொள்கின்றன. ஓர் இணை ‘ஆம்’ என்றால் மற்றது ‘இல்லை’ என்னும். அது ‘இல்லை’ என்பதால் முன்னது ‘ஆம்’ என்பதிலேயே உறுதியாக நிற்கும். எஞ்சிய இரண்டும் உள்ளே செல்வதற்கான வாயில்கள். மின்சாரம் இருக்கும் வரையில் இந்நிலை மாறாது, படித்தாலும் கெடாது. ஆகவே மிகுந்த வேகம் கிட்டுகிறது. ஆனால் ஒரு பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர்கள் என்றால் இடமும் விலையும் அதிகமல்லவா? அதனால்தான் இதைக் கிலோபைட், மெகாபைட் அளவிலேயே வைக்கிறார்கள். கேச் என்று அழைக்கப்படுவது இதுதான்.

டி-ராம் இதற்கு நேர் எதிரான சிக்கனம் உடையது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் டென்னார்டு 1967-இல் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1968-இல் உரிமை கிடைத்தது. ஒரு பிட்டுக்கு ஒரே ஒரு டிரான்சிஸ்டர், ஒரே ஒரு மின்தேக்கி, அவ்வளவுதான். மின்தேக்கியில் மின்னேற்றம் இருந்தால் 1, இல்லையெனில் 0. இந்த எளிமையால்தான் இன்று 8, 16 கிகாபைட் என்று டி-ராமை வாங்க முடிகிறது.

ஆனால் அந்தச் சிறு மின்தேக்கி ஓட்டைக் குடம். அதிலுள்ள பல்லாயிரம் எலக்ட்ரான்கள் கசிந்துகொண்டே இருக்கின்றன. குடம் வற்றுவதற்குள் அது நிறைந்திருந்ததா, வெறுமையாயிருந்ததா என்று பார்த்து, நிறைந்திருந்ததை மீண்டும் நிரப்பியாக வேண்டும். வழக்கமாக 64 மில்லி வினாடிக்கு ஒரு முறை, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 16 முறை, நினைவகம் முழுவதையும் இவ்வாறு புதுப்பிக்கிறார்கள். வெப்பம் மிகுந்தால் கசிவும் மிகும். 85 டிகிரி செல்சியசைக் கடந்தால் இருமடங்கு வேகத்தில் புதுப்பிக்க வேண்டும். மான்செஸ்டர் படக்குழாயில் நாம் கண்ட அதே உத்தி, இருபது ஆண்டுகளுக்குப் பின் சிலிக்கன் உருவில் மறுபிறவி எடுத்தது என்றால் மிகையாகாது.

மின்சாரம் நின்றால் டி-ராம் அந்தக் கணமே எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அது சில வினாடிகளாவது தயங்குகிறது. குளிர்வித்தால் நிமிடக் கணக்கிலும் நினைவு தங்கும் என்பதை 2008-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அணைத்த கணிப்பொறியிலிருந்து மறைகுறித் திறவுகோல்களைக் கூடத் திருடலாம் என்று அதனால் தெரியவந்தது. ஆனால் நம் கட்டுரையைக் காப்பாற்றிக்கொள்ள அந்தத் தயக்கம் உதவாது.

முத்திரையிட்ட குடம்: ஃபிளாஷ்

பென் டிரைவ், மெமரி கார்டு, கைப்பேசியின் சேமிப்பகம், லேப்டாப்பின் எஸ்.எஸ்.டி. ஆகிய அனைத்தும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. தோஷிபா நிறுவனத்தின் ஃபூஜியோ மசுவோக்கா 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகமே அக்குலத்தின் மூலம். இதிலும் எலக்ட்ரான்களே நினைவு. ஆனால் அவற்றை மின்காப்புச் சுவரால் நாற்புறமும் அடைத்துவிடுகிறார்கள். டி-ராம் ஓட்டைக் குடமென்றால், இது மூடி முத்திரையிட்ட குடம். மின்சாரமில்லாமலே பல ஆண்டுகள் நினைவு தங்கும்.

முத்திரையிட்ட குடத்தில் எப்படி நீர் ஊற்றுவது? சுவரைத் துளைத்துத்தான். உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்து எலக்ட்ரான்களைச் சுவரினூடே செலுத்துகிறார்கள். ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் சுவர் சிறிது நைந்துபோகிறது. ஆகையால் ஃபிளாஷுக்கு எழுத்து வாழ்நாள் ஓர் எல்லைக்கு உட்பட்டது. மேலும், ஓரெழுத்தை மட்டும் அழிக்க இயலாது. பெரியதொரு தொகுதியை ஒட்டுமொத்தமாகவே அழிக்க வேண்டும்.

விலையைக் குறைப்பதற்காக ஒரே குடத்தில் பல பிட்டுகளை வைக்கும் வழக்கமும் உண்டு. நிறைந்தது, வெறுமை என்று இரண்டு நிலைகள் மட்டும் இருந்தால் ஒரு பிட். நீர்மட்டத்தை நான்காகப் பிரித்து அளந்தால் இரண்டு பிட். எட்டாகப் பிரித்தால் மூன்று. பதினாறாகப் பிரித்தால் நான்கு. கோடுகள் நெருங்க நெருங்க அளப்பது கடினமாகும். சிறு கசிவும் பிழையாகும். ஒரு பிட் வகை ஏறத்தாழ ஒரு லட்சம் முறை எழுதி அழிப்பதைத் தாங்கும் என்றால், மூன்று பிட் வகை சில ஆயிரம் முறையே தாங்கும். நான்கு பிட் வகை அதனினும் குறைவு. விலை குறைந்த எஸ்.எஸ்.டி. ஏன் விலை குறைந்தது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

சுழலும் தகடும் சுருண்ட நாடாவும்

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்னும் பொறியோடு முதல் ஹார்டு டிஸ்க்கை வெளியிட்டது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தகடுகள் சுழன்றன. கொண்டதோ ஐம்பது லட்சம் எழுத்துகள். இன்று கையடக்கமான ஒரு டிஸ்க் பல டெராபைட் கொள்கிறது. காந்தத் துகள்களின் திசையே இதில் நினைவு. படிக்கும் முனை, தகட்டைத் தொடாமல் சில நானோ மீட்டர் உயரத்தில் மிதக்கிறது. சுழலும்போது மேசையிலிருந்து தவறி விழுந்தால் என்னவாகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இதன் குறை வேகம். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தகடு ஒருமுறை சுற்றிவர 8.3 மில்லி வினாடி ஆகிறது. வேண்டிய இடம் முனைக்கு நேரே வர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரம் வேறு இருக்கிறது. ஆனால் ஒரு பிட்டின் விலையைப் பார்த்தால் எஸ்.எஸ்.டி.யைவிட மலிவு.

அதனினும் மலிவானது காந்த நாடா. நாடாவின் காலம் முடிந்துவிட்டது என்று எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. 2021-இல் வந்த எல்.டி.ஓ. ஒன்பதாம் தலைமுறை நாடாவின் ஒரே பேழையில் 18 டெராபைட் அடங்கும். ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு மையமான செர்ன் தன் சோதனைத் தரவுகளை நீண்ட காலம் காக்க நாடாவையே நம்பியிருக்கிறது. அலமாரியில் இருக்கும் நாடாவுக்கு மின்சாரச் செலவும் இல்லை.

ஒரு நானோ வினாடியை ஒரு வினாடியாக நீட்டினால்

நானோ வினாடி, மைக்ரோ வினாடி என்றெல்லாம் சொன்னால் வேறுபாடு மனத்தில் பதியாது. ஆகவே ஒரு கற்பனை செய்வோம். வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்காகிய நானோ வினாடியை ஒரு முழு வினாடியாக நீட்டிவிடுவோம். அப்போது, கேட்ட எண் வந்து சேர ஏறத்தாழ ஆகும் நேரம் இது:

எஸ்-ராம்: 1 வினாடி. மேசை மேல் விரித்துவைத்த புத்தகத்தைப் பார்ப்பது போன்றது.

டி-ராம்: 100 வினாடி. எழுந்து சென்று பக்கத்து அறை நண்பரிடம் புத்தகம் வாங்கி வருவது போன்றது.

எஸ்.எஸ்.டி.: 1,00,000 வினாடி, அதாவது ஏறத்தாழ 28 மணி நேரம். வடநாட்டு வளாகத்திலிருந்து ரயிலேறிய நாம் சென்னையை நெருங்கிக்கொண்டிருப்போம்.

ஹார்டு டிஸ்க்: ஒரு கோடி வினாடி, அதாவது ஏறத்தாழ 116 நாள். ஒரு பருவத்தின் வகுப்புகளே முடிந்துவிடும்.

நாடா: பேழையைப் பொருத்தி, வேண்டிய இடத்திற்குச் சுற்ற ஒரு நிமிடம் ஆகிறதென்று கொண்டால், நம் கற்பனைக் கணக்கில் அது ஏறத்தாழ 1,900 ஆண்டு. சங்க காலத்தில் கேட்ட கேள்விக்கு இன்று விடை வருகிறது!

இந்த வரிசையில் கீழே செல்லச் செல்ல வேகம் குறைகிறது. ஆனால் கொள்ளளவு பெருகுகிறது, விலை குறைகிறது. மேலிருக்கும் இரண்டும் மறக்கும் நினைவுகள். கீழிருக்கும் மூன்றும் மறவா நினைவுகள். வேகமாக நினைப்பது விரைவில் மறக்கிறது. மெதுவாக நினைப்பது நெடுநாள் வைத்திருக்கிறது.

படிக்கட்டின் பயன்

இத்தனை வேறுபட்ட நினைவகங்களைக் கொண்டு ஒரு கணிப்பொறி எப்படி ஒழுங்காக வேலை செய்கிறது? 1946-ஆம் ஆண்டிலேயே பர்க்ஸ், கோல்டுஸ்டைன், வான் நியூமன் ஆகிய மூவரும் தம் அறிக்கையில், நினைவகங்களைப் படிக்கட்டுபோல் அடுக்க வேண்டும் என்பதை எடுத்துரைத்தார்கள். மேற்படி சிறியது, விரைவானது. கீழ்ப்படி பெரியது, மெதுவானது. எட்சாக்கை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ் 1965-இல் கேச் பற்றிய கருத்தை வெளியிட்டார். 1968-இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 360 மாதிரி 85 என்ற பொறியில் அது வணிகத்துக்கு வந்தது.

இந்த ஏற்பாடு வெற்றி பெறுவதற்குக் காரணம் ஒன்றுதான். சற்றுமுன் கேட்ட எண்ணையே மீண்டும் கேட்பதும், அதற்குப் பக்கத்திலுள்ள எண்ணை அடுத்துக் கேட்பதும் செயல்முறைகளின் வழக்கம். ஆகவே ஓர் எண்ணைக் கேட்டால், அதையொட்டிய 64 பைட்டுகளையும் சேர்த்தே டி-ராமிலிருந்து கேச்சுக்குக் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலான கணிப்பொறிகளில் இதுவே வழக்கமான அளவு.

அறிவியல் மாணவர்களுக்கு இது ஏட்டுப் படிப்பு அன்று. பத்தாயிரம் நிரையும் பத்தாயிரம் நிரலும் கொண்ட ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். ஓர் எண்ணுக்கு 8 பைட் வீதம் அது 800 மெகாபைட் ஆகும். கேச்சில் அது அடங்காது. சி மொழியில் இவ்வணி நிரை நிரையாக அடுக்கப்படுகிறது. நிரைவழியே கூட்டிச் சென்றால், கொண்டுவந்த 64 பைட்டுகளில் உள்ள எட்டு எண்களும் பயன்படுகின்றன. நிரல்வழியே சென்றால், எட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஏழை வீணாக்கி, மீண்டும் டி-ராமை நோக்கி ஓட வேண்டியிருக்கிறது. நான் இரண்டு வழிகளிலும் கூட்டிப் பார்த்தேன். கூட்டல்களின் எண்ணிக்கை ஒன்றே, விடையும் ஒன்றே, ஆனால் இரண்டாவது வழிக்குப் பல மடங்கு நேரம் பிடித்தது. ஃபோர்ட்ரான் மொழியில் அடுக்கும் முறை இதற்கு நேர்மாறு. அங்கே நிரல்வழிச் செல்வதே சிறந்தது. “என் செயல்முறை மெதுவாக ஓடுகிறது, புதிய பொறி வேண்டும்” என்று கேட்குமுன், இரண்டு வரிகளை இடம் மாற்றிப் பார்ப்பது நன்று.

ஒன்றாக்கும் முயற்சிகள்

மறவாமையும் வேகமும் ஒருங்கே கொண்ட நினைவகம் வேண்டும் என்ற ஆசை அறிஞர்களை விட்டபாடில்லை. இன்டெல், மைக்ரான் நிறுவனங்கள் 2015-இல் 3டி எக்ஸ்பாயின்ட் என்ற நினைவகத்தை அறிவித்தன. ஃபிளாஷைவிட விரைவு, டி-ராமைவிடக் கொள்ளளவு, மின்சாரமின்றியும் மறவாமை என்று அது நடுநிலையில் நின்றது. இன்டெல் அதை ஆப்டேன் என்ற பெயரில் விற்றது. எனினும் விலைப் போட்டியில் அதனால் நிலைத்து நிற்க முடியவில்லை. 2022-இல் இன்டெல் அத்தொழிலைக் கைவிட்டது. நான்கு அளவுகோல்களில் மூன்றில் நன்றாக இருந்தும், விலை என்னும் ஒன்றில் தோற்றது.

மற்றொரு முயற்சி எம்-ராம். இரண்டு காந்தப் படலங்களுக்கிடையே மிக மெல்லிய மின்காப்புப் படலம். காந்தங்கள் ஒரே திசையில் நின்றால் மின்தடை குறைவு, எதிர்த் திசையில் நின்றால் அதிகம். இதுவே அதன் 0, 1. டிஃப்ராக்கின் காந்த வளையம் நினைவுக்கு வருகிறதல்லவா? பழைய எண்ணங்கள் அறிவியலில் இறப்பதில்லை. தகுந்த பொருள் கிடைக்கும் வரையில் உறங்குகின்றன. எம்-ராம் இன்று சிறு கருவிகளிலும் சில தொழிற்பொறிகளிலும் பயன்படுகிறது. ஆயினும் டி-ராமின் கொள்ளளவையும் மலிவையும் அது இன்னும் எட்டவில்லை.

நமக்கு இதனால் என்ன?

முதலாவது, வாங்கும்போது. கடைக்காரர் “16-512” என்று சொன்னால், முன்னது டி-ராம், பின்னது எஸ்.எஸ்.டி. என்று பிரித்து உணர வேண்டும். பெரிய அணிகளையும் படங்களையும் கையாளும் மாணவருக்கு முன்னதே முதன்மை. டி-ராம் போதாதபோது பொறி எஸ்.எஸ்.டி.யைக் கடன் வாங்கிச் சமாளிக்கிறது. ஆனால், 100 வினாடி வேலை 28 மணி வேலையாகிறது என்று மேலே கண்டோமே, அதுதான் ‘தொங்குவது’. மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் டி-ராமைப் பலகையோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள்; பின்னால் கூட்ட முடியாது. வாங்குமுன்பே கேட்டுக்கொள்வது நன்று.

இரண்டாவது, எழுதும்போது. திரையில் நாம் காணும் எழுத்து டி-ராமில் இருக்கிறது. ஓட்டைக் குடத்தில் இருக்கிறது. ‘சேவ்’ செய்தால்தான் முத்திரையிட்ட குடத்துக்குச் செல்கிறது. அதுவும் உடனே செல்லும் என்பதில்லை. வேகத்துக்காகச் சிறிது நேரம் டி-ராமிலேயே வைத்திருந்து பின்னர் எழுதுவதும் உண்டு. பென் டிரைவைக் கழற்றுமுன் ‘எஜெக்ட்’ கொடுக்கச் சொல்வதன் காரணம் இதுவே. அது “குடத்தில் எஞ்சியதை ஊற்றிவிடு” என்னும் கட்டளை. இரவு முழுவதும் ஓடும் அளவீடுகளுக்கு நான் எழுதும் செயல்முறைகள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்ததை எஸ்.எஸ்.டி.யில் இறக்கிவிடும்படி அமைந்தவை. கோடை இரவில் மின்சாரம் போனால், இழப்பது பத்து நிமிட உழைப்பு மட்டுமே.

மூன்றாவது, காக்கும்போது. மறவா நினைவு என்று பெயரிட்டோமே, அது உண்மையில் மெதுவாக மறக்கும் நினைவுதான். எழுத்து வாழ்நாள் முழுவதும் தீர்ந்த சாதாரண எஸ்.எஸ்.டி., மின்சாரமின்றி 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு நினைவு வைத்திருந்தால் போதும் என்பதே தொழில்துறையின் தர அளவு. புதியது அதைவிட நெடுங்காலம் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் வெப்பம் ஏற ஏறக் கசிவும் மிகும். பழைய பென் டிரைவில் ஆய்வேட்டின் ஒரே படியை வைத்து, பெட்டியில் பூட்டி, கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்வோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஹார்டு டிஸ்க்கோ கீழே விழும், இயந்திரமும் தேயும்.

அப்படியானால் எதைத்தான் நம்புவது? இக்கேள்விக்குத் தமிழர்களாகிய நாம் விடை அறிந்தவர்கள். நம் பழம்பெரும் இலக்கியங்கள் பனையோலையில் வாழ்ந்தன. ஓலையும் அழியக்கூடியதுதான்; செல் அரிக்கும், காலம் சிதைக்கும். ஓலை உறுதியாக இருந்ததால் அந்நூல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. தலைமுறைதோறும் யாரோ ஒருவர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியதால்தான் கிடைத்தன. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது, பல ஊர்களிலிருந்து திரட்டிய ஏடுகளை ஒப்பிட்டே பாடத்தை நிறுவினார். ஒரே ஏடு மட்டும் இருந்திருந்தால் ஒப்பிட என்ன இருந்திருக்கும்? எங்குமே பெயர்த்தெழுதப்படாத நூல்களின் கதி என்னவாயிற்று? பெயர் மட்டுமே எஞ்சிய நூல்கள் எத்தனை!

வினாடிக்குப் பதினாறு முறை டி-ராம் செய்வதும், நூற்றாண்டுக்கு ஒருமுறை ஏடெழுதியவர் செய்ததும் ஒரே செயல்தான்: கசிந்து போகுமுன் படித்து, மறுபடியும் எழுதுவது. பொருள் எதுவாயினும் நினைவைக் காப்பது பெயர்த்தெழுதும் பழக்கமே.

ஆகவே நண்பர்களே, உங்கள் உழைப்புக்கு எப்போதும் மூன்று படிகள் இருக்கட்டும். அவற்றுள் இரண்டாவது வேறு வகை நினைவகத்தில் இருக்கட்டும். மூன்றாவது வேறு ஊரில் அல்லது இணையச் சேமிப்பகத்தில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை அவற்றைத் திறந்து, படிக்க முடிகிறதா என்று பாருங்கள். பழையதிலிருந்து புதியதற்குப் பெயர்த்தெழுதுங்கள். இம்மலரைப் படித்து முடித்ததும் செய்யக்கூடிய வேலைதான் இது. அரைமணி நேரம் போதும்.